பல்கலைக்கழக ஆசிரியர்க்கான சமூக வலைக் கருவிப் பயிற்சி: அயலகத் தமிழ்க் கல்வி நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வலைப்பதிவு, விக்கி, காணொளித் தளம், குறுஞ்செய்திக் குழு முதலிய சமூக வலைக் கருவிகளைக் கற்பித்தலில் பயன்படுத்தப் பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பழக்கும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றுள் பெருஞ்செல்வாக்குப் பெற்ற மூன்று பயிற்சி மரபுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கருவியை எண்ணிக்கையாகக் கற்பிக்கும் பயிற்சி விரைவில் பயனற்றுப் போகிறது என்பதும், தமிழ் கற்பிப்போர்க்கு எழுத்து, வழக்கு, பதிப்புரிமை, மாணவர் பாதுகாப்பு ஆகியன பயிற்சியின் மையமாக அமைய வேண்டும் என்பதும் இதன் வாதங்கள். அயல்நாட்டுத் தமிழ்த் துறைகளுக்குப் பொருந்தும் பயிற்சி வடிவம் ஒன்றும் இறுதியில் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமூக வலை, ஆசிரியர் பயிற்சி, தமிழ் கற்பித்தல், இரட்டை வழக்கு, விக்கிப்பீடியா.

1. முன்னுரை

இணையத்தில் படிப்பவரே எழுதுபவராகவும் தொகுப்பவராகவும் மாறிய நிலையை 'வலை 2.0' என்ற பெயரால் டிம் ஓ'ரைலி 2005இல் விரிவாக விளக்கினார். விக்கிப்பீடியா 2001இலும், முகநூல் 2004இலும், யூடியூப் 2005இலும், ட்விட்டர் 2006இலும் தோன்றின. இவை கல்விக்கென உருவாக்கப்பட்டவை அல்ல. ஆயினும் மாணவர் இவற்றில் பழகிவிட்டனர் என்ற காரணத்தைக் காட்டிப் பல்கலைக்கழகங்கள் தம் ஆசிரியர்களை இவற்றின்பால் திருப்பின. மலேசியாவில் 2011இல் தேசிய மின்கற்றல் கொள்கை வெளியிடப்பட்டது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி ஆசிரியர்கள் இணைய வகுப்பிற்குள் தள்ளப்பட்டனர்.

அந்நெருக்கடி கடந்த பிறகும் ஒரு வினா விடையின்றி நிற்கிறது. ஆசிரியர்க்கு அளிக்கப்படும் பயிற்சி எதனைக் கற்பிக்கிறது? கருவியையா, கற்பித்தலையா? தமிழ்த் துறைகளைப் பொறுத்தவரை இவ்வினா கூடுதல் கனமுடையது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தமிழ் கற்பிப்போர் ஓரிருவரே. ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கையைக் காட்டித் தம் பாடத்தை நிலைநிறுத்த வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே. அத்தகையவரின் ஒரு வாரத்தைப் பயனற்ற பயிற்சி விழுங்குமாயின், இழப்பு அவருக்கு மட்டுமன்று, பாடத்திற்கும் ஆகும்.

2. மூன்று பயிற்சி மரபுகள்

2.1 ஐந்து படிநிலைகள்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணினிவழிக் கலந்துரையாடலைக் கொண்டு கற்பித்த பட்டறிவிலிருந்து கில்லி சால்மன் தம் ஐந்து படிநிலை மாதிரியை உருவாக்கினார். அது 2000இல் நூலாக வெளிவந்தது. நுழைவும் ஊக்கமும், இணையவழிப் பழகுதல், தகவல் பரிமாற்றம், அறிவைக் கட்டமைத்தல், தன்வளர்ச்சி என்பன அப்படிகள். ஒவ்வொரு படியிலும் தொழில்நுட்ப உதவி ஒருபுறமும், ஆசிரியரின் நெறிப்படுத்தல் மறுபுறமும் வகுக்கப்பட்டுள்ளன.

இம்மாதிரியின் பெருஞ்சிறப்பு, ஆசிரியர் முதலில் மாணவராக இருந்து பார்க்க வேண்டும் என்ற கொள்கை. உள்நுழைய முடியாத தவிப்பையும், எழுதிய கருத்துக்கு மறுமொழி வராத வெறுமையையும் தாமே உணர்ந்தவரே பிறரை நெறிப்படுத்த இயலும். ஆனால் இது பூட்டிய அறையை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட மாதிரி. அக்காலக் கலந்துரையாடல் மென்பொருளுக்குள் அவ்வகுப்பு மாணவர் மட்டுமே இருந்தனர். சமூக வலைக்கோ கதவே இல்லை. முதலாண்டு மாணவர் தயங்கி எழுதிய முதல் பத்தியை முன்பின் அறியாத ஒருவர் எள்ளி நகையாடக்கூடிய வெளி அது. இரண்டாம் படியான 'பழகுதல்' அங்கே யாரோடு நிகழ்கிறது என்பதை இம்மாதிரி தெளிவுபடுத்தவில்லை.

2.2 இருபத்து மூன்று செயல்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் 2006இல் தொடங்கிய திட்டம் இரண்டாம் மரபு. ஊழியர் ஒவ்வொருவரும் தாமே வலைப்பதிவு ஒன்றைத் தொடங்கி, ஒன்பது வாரங்களில் இருபத்து மூன்று சிறு செயல்களைச் செய்து முடிக்க வேண்டும். செய்தியோடை, படப்பகிர்வு, குறியிடல், விக்கி, ஒலிப்பதிவு, காணொளி என அவை நீளும். குறித்த காலத்தில் முடித்தவர்க்கு எம்பி3 இசைப்பான் பரிசாக அளிக்கப்பட்டது. திட்டம் பகிர்வுரிமத்துடன் வெளியிடப்பட்டதால் பல நாடுகளின் நூலகங்கள் அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் 2010இல் தத்தம் வடிவங்களை நடத்தினர். எடின்பரோ பல்கலைக்கழகம் 2016இல் ஊழியர்க்கும் மாணவர்க்கும் உரிய வடிவத்தை வெளியிட்டது.

செலவு குறைவு, அவரவர் வேகத்தில் கற்கலாம், விரிவுரை இல்லை. இந்நற்பண்புகள் மறுக்க முடியாதவை. ஆனால் இத்திட்டம் எழுந்த சூழலை மறந்து அதனைக் கற்பித்தல் பயிற்சியாக்கியபோது குறை புகுந்தது. நூலகப் பணியாளரின் தேவை வேறு. எந்தக் கருவியைப் பற்றி வாசகர் கேட்டாலும் வழிகாட்டும் அளவிற்குப் பல கருவிகளை அவர் மேலோட்டமாகவேனும் அறிந்திருக்க வேண்டும். அவருக்கு அகலம் போதும். ஆசிரியருக்கோ ஆழம் வேண்டும். குறுந்தொகையில் ஒரு பாடலின் கூற்று யாருடையது என்று மாணவரை விவாதிக்கச் செய்ய அவருக்கு ஒரு கருவி போதும். ஆனால் அக்கருவியில் விவாதம் எவ்வாறு தொடங்கும், எங்கே தடம் மாறும், எப்படி மதிப்பெண்ணாகும் என்பதையெல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டும். இருபத்து மூன்று என்ற எண்ணே சாதனையாகிவிடும் இடத்தில் 'எந்தப் பாடத்திற்கு?' என்ற கேள்வி எழுவதில்லை.

எனினும் இத்திட்டத்தின் ஒரு கூறு போற்றத்தக்கது. கற்றதை ஒவ்வொரு வாரமும் எழுதிவைக்கும் பழக்கம் அது. கருவிகள் மறந்துபோன பின்னும் எழுதிப் பார்க்கும் அப்பழக்கம் எஞ்சும்.

2.3 மூன்று வட்டங்கள்

பாட அறிவும் கற்பித்தல் அறிவும் சந்திக்கும் இடத்தில்தான் ஆசிரியருக்கே உரிய தனியறிவு பிறக்கிறது என லீ ஷுல்மன் 1986இல் கூறினார். மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் ஆகியோர் 2006இல் அவற்றோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களாக வரைந்தனர். 'டிபாக்' எனச் சுருங்கி வழங்கும் இக்கோட்பாடு இன்று ஆசிரியர் கல்வி ஆய்வுகளில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது.

பாடப்பொருளை மீண்டும் பயிற்சிக்குள் கொண்டுவந்தது இதன் கொடை. அதன் பின்னணியில் இருந்த நடைமுறை இன்னும் மதிப்புடையது. பேராசிரியர்களும் பட்ட மேற்படிப்பு மாணவர்களும் குழுவாக அமர்ந்து, ஒரு பருவம் முழுதும் உண்மையான இணையப் பாடம் ஒன்றை வடிவமைத்தனர். கருவி, தேவையின் பின்னால் வந்தது.

இக்கோட்பாடு பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தபோது வடிவமைக்கும் பணி உதிர்ந்து, வட்டப்படம் மட்டும் மிஞ்சியது. ஆசிரியர் தம் அறிவைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் வினாநிரல்கள் பெருகின. 'இக்கருவியை என்னால் பயன்படுத்த இயலும்' என்ற கூற்றுக்கு 'முழுதும் உடன்படுகிறேன்' எனக் குறியிடுவது தன்னம்பிக்கையை அளக்கும், கற்பித்தலை அளக்காது. மொழி ஆசிரியர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இயற்பியல் ஆசிரியர்க்குக் கருவி வேறு, பாடம் வேறு. தமிழ் ஆசிரியர்க்குத் தமிழே பாடம். தமிழே பயிற்று ஊடகம். விசைப்பலகையில் தட்டப்படுவதும் தமிழே. மூன்று வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவியும் இந்நிலையைப் பொதுப் பயிற்சி எதுவும் கணக்கில் கொள்ளவில்லை.

3. கருவியின் ஆயுளும் பாடத்தின் ஆயுளும்

பயிற்சியில் கற்பிக்கப்பட்ட கருவிகள் பல இன்று இல்லை. செய்தியோடைகளைத் திரட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. ஆசிரியர் பலர் வகுப்பு விக்கிகளை அமைத்திருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடத் தொடங்கியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றும் மறைந்தன. உலகின் பல மூலைகளில் வாழ்ந்த தமிழர் இலக்கணமும் இலக்கியமும் குறித்து ஆண்டுக்கணக்கில் நிகழ்த்திய உரையாடல்கள் பல அக்குழுமங்களில்தாம் இருந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் பல வகுப்புகளின் கரும்பலகையாக விளங்கிய கூகுள் ஜேம்போர்டும் 2024 இறுதியோடு விடைபெற்றது.

எனவே, பொத்தான்களின் இடத்தைக் கற்பிக்கும் பயிற்சி சில ஆண்டுகளுக்கே செல்லும். இதற்கு நேர்மாறான சான்று தமிழிலேயே உள்ளது. 1998இல் பொங்கலையொட்டித் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னாக்கம் செய்தது. தொடக்கத்தில் பயன்பட்ட குறிமுறை பின்னர் வழக்கிழந்தது. நூல்கள் திஸ்கிக்கும், பிறகு ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. அத்திட்டத்தின் அலகு பனுவலாக இருந்ததே, கருவியாக இராததே, அது நிலைத்ததன் காரணம். ஏடு செல்லரிக்கும் முன்னர்ப் படியெடுத்துக் காத்த மரபின் தொடர்ச்சி இது.

ஆசிரியர் பயிற்சியும் இந்நெறியை மேற்கொள்ள வேண்டும். மாணவர் படைப்பை ஒரு தளத்திலிருந்து எவ்வாறு வெளியே எடுப்பது, எந்தக் கோப்பு வடிவில் காப்பது, தளம் மூடப்படும் அறிவிப்பு வந்தால் முதலில் செய்ய வேண்டுவது யாது என்பன முதல் அமர்விலேயே கற்பிக்கப்பட வேண்டியவை. பயிற்சிகள் பெரும்பாலும் நுழைவாயிலைக் காட்டுகின்றன. வெளியேறும் வழியைக் காட்டுவதில்லை.

4. தமிழ் வகுப்பறை எழுப்பும் வினாக்கள்

4.1 எழுத்தும் கணக்கும்

ட்விட்டரைக் கற்பித்தலில் பயன்படுத்தும் பயிற்சிகள், குறுகிய இடத்தில் செறிவாக எழுதும் பழக்கத்தை அதன் பயனாகக் கூறின. 2017 வரை ஒரு கீச்சின் எல்லை 140 குறிகள். பின்னர் அது 280 ஆயிற்று. ஆனால் கணினி எண்ணுவது தமிழ் எழுத்தை அன்று, ஒருங்குறிப் புள்ளியை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. 'கற்பித்தல்' நமக்கு ஆறு, கணினிக்குப் பத்து. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். ஒரே எல்லைக்குள் ஆங்கில மாணவர் எழுதும் அளவு தமிழ் மாணவரால் எழுத இயலாது என்பதைப் பயிற்சியாளர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இதனை அறிந்த தமிழாசிரியருக்கு இக்குறையே பாடமாகும். உயிர்மெய் ஓர் எழுத்தா, இரண்டன் கூட்டமா என்ற வினா எழுத்திலக்கணத்தின் அடிப்படை வினா. கணினியின் எண்ணிக்கையையும் இலக்கணத்தின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்து மாணவரை விளக்கச் சொல்லும் வகுப்பு எந்தப் பொதுப் பயிற்சியிலிருந்தும் பிறக்காது. அது தமிழ்ப் புலமையும் கருவியறிவும் ஒருவரிடம் சேரும்போதே பிறக்கும்.

தேடலிலும் இத்தகைய சிக்கல் உண்டு. சிலப்பதிகாரம், சிலப்பதிகாரத்தில், சிலப்பதிகாரத்தின் என வேற்றுமை உருபேற்ற சொற்களை மாணவர் தத்தம் விருப்பப்படி குறிச்சொல்லாக இட்டால், ஒரே பொருள் மூன்று குவியல்களாகப் பிரியும். குறிச்சொல் எழுவாய் வடிவிலேயே அமைய வேண்டும் என்ற எளிய விதியை வகுப்பின் தொடக்கத்தில் வகுத்துக்கொண்டால் பருவ இறுதியில் பயன்தரும் தொகுப்பு ஒன்று கையில் இருக்கும்.

4.2 வழக்கும் வரிவடிவமும்

இரட்டை வழக்கு பற்றி 1959இல் எழுதிய சார்லஸ் ஃபெர்குசன் தமிழையும் சான்றாகச் சுட்டினார். பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்ற இப்பிளவு சமூக வலையில் மூன்றாம் வடிவம் ஒன்றைப் பெற்றுள்ளது. பேச்சுத் தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் அது. அயல்நாட்டுத் தமிழ் இளைஞர் தமிழில் மிகுதியாக 'எழுதும்' இடம் இதுவே.

இதனைத் தடைசெய்வதா, ஏற்பதா என்ற அளவிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. கற்பித்தல் நோக்கில் இதனினும் நுட்பமான செய்தி உண்டு. உரோமன் எழுத்தில் ல, ள, ழ வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும், ர, ற வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. மாணவருக்கு அவ்வேறுபாடு தெரியுமா என்பதை ஆசிரியர் அறியவே இயலாது. தமிழ் விசைப்பலகைக்கு மாறிய உடனே அம்மயக்கங்கள் வெளிப்படும். தமிழ்99 போன்ற முறையில் தட்டுபவர் ஒவ்வோர் எழுத்தையும் தாமே தேர்கிறார். ஒலிபெயர்ப்பு முறையிலும் சொற்களை முன்னறிந்து காட்டும் கைப்பேசிப் பலகையிலும் தட்டுபவர், கருவி நீட்டும் சொல்லை ஏற்றுக்கொள்கிறார். முன்னது எழுதும் அறிவைச் சோதிக்கும். பின்னது அடையாளம் காணும் அறிவைச் சோதிக்கும். எந்தப் பணிக்கு எந்த உள்ளீட்டு முறை என்பது இவ்வாறு தொழில்நுட்பத் தேர்வாக இல்லாமல் பாடத்தேர்வாக ஆகிவிடுகிறது. விசைப்பலகை அமைப்பைப் பயிற்சியின் 'முன்தேவை' என ஒதுக்கும் வழக்கம் இக்காரணத்தால் தமிழுக்குப் பொருந்தாது.

சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005இல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. சமூக வலை அப்பரிந்துரைக்கு உகந்த களம். குரல் பதிவிலும் காணொளியிலும் பேச்சு வழக்கு இயல்பாக அமையும். விக்கியில் எழுத்து வழக்கு இயல்பாக அமையும். உறவினர் ஒருவரின் நினைவுரையை மாணவர் பதிவுசெய்து, அதனை எழுத்து வழக்கிற்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதுவாராயின், ஒரே பணியில் மூன்று திறன்கள் வளரும். கருவியைத் தேர்வதற்கு முன் வழக்கைத் தேர்வதே இங்கு நெறி.

5. விக்கிப்பீடியா தந்த படிப்பினை

பல்கலைக்கழக வகுப்பைப் பொதுவெளியோடு இணைத்த முயற்சிகளுள் விக்கிப்பீடியாக் கல்வித் திட்டம் குறிப்பிடத்தக்கது. விக்கிமீடியா அறக்கட்டளை 2011இல் புனே நகரக் கல்லூரிகளில் இத்திட்டத்தின் வெள்ளோட்டத்தை நடத்தியது. மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் பாடம் தொடர்பான கட்டுரைகளை எழுத வேண்டும். பதிப்புரிமை பெற்ற நூல்களிலிருந்தும் தளங்களிலிருந்தும் அப்படியே எடுத்தொட்டிய பகுதிகள் பெருகின. அவற்றைக் கண்டறிந்து நீக்கும் சுமை விக்கிப்பீடியாத் தன்னார்வலர் தலையில் விழுந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் வெள்ளோட்டம் நிறுத்தப்பட்டது.

மாணவரைக் குறைகூறி இதனைக் கடந்துவிட முடியாது. ஆசிரியர் பலர் தாமே விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர் அல்லர். வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்ட வளாகத் தூதுவர்களும் அப்போதுதான் கற்றவர்களே. தொகுப்புப் பொத்தானை அழுத்தத் தெரிந்திருந்தது. மேற்கோளுக்கும் களவுக்கும் இடையேயான கோடு கற்பிக்கப்படவில்லை.

தமிழுக்கு இது நெருங்கிய எச்சரிக்கை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் காப்போர் ஆங்கிலத்தோடு ஒப்பிடச் சிறு குழுவினர். கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியே பெருமளவில் கட்டுரைகள் வந்து குவிந்தபோது அவற்றின் மொழித்தரம், தலைப்புத் தேர்வு ஆகியன குறித்துத் தமிழ் விக்கிப்பீடியர் 2010இல் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் திறனாய்வு ஒன்றை முன்வைத்தனர். அதே ஆண்டில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்க்கென நடந்த விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி, விக்கிப்பீடியரின் பங்கேற்போடு நிகழ்ந்தது. இரண்டிலும் கருவி ஒன்றே. சமூகத்தை முன்கூட்டி அறிந்து நுழைவதும், அறியாது குவிப்பதும் வேறுவேறு விளைவுகளைத் தருகின்றன.

நாற்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பு ஒரே வாரத்தில் இயந்திர மொழிபெயர்ப்புகளை ஏற்றினால், அச்சிறு குழுவின் பல நாள் உழைப்பு அதனைத் திருத்துவதிலேயே கழியும். ஆகவே, மாணவரை அனுப்பும் முன் ஆசிரியர் சில கட்டுரைகளையேனும் தாம் எழுதி, உரையாடல் பக்கத்தில் எழும் எதிர்ப்புக்குத் தாமே விடையளித்திருக்க வேண்டும். சால்மன் கூறிய 'முதலில் மாணவராதல்' இங்கே பொருள் பெறுகிறது.

6. பொதுவெளியின் கடமைகள்

ஆசிரியர் ஒருவர் தற்கால எழுத்தாளரின் சிறுகதையைப் படியெடுத்து வகுப்பில் வழங்குவதும், வலைப்பதிவில் ஏற்றுவதும் ஒன்றல்ல. பதிப்புரிமை ஆசிரியர் மறைந்தபின் மலேசியாவில் 50 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும், சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. கோலாலம்பூரில் தடையற்ற ஒரு நூல் சென்னையிலும் லண்டனிலும் தடைக்குட்பட்டதாக இருக்கலாம். எழுதியவர் ஒரு நாட்டினர், பதிப்பித்தவர் மற்றொரு நாட்டினர், படிப்பவர் வேறொரு நாட்டினர் என்பது அயலகத் தமிழ் இலக்கியத்தின் இயல்பு. தமிழாசிரியர்க்குரிய பயிற்சியில் இப்பகுதி விரிவாக அமைவது இன்றியமையாதது.

மாணவர் பாதுகாப்பு இதனினும் முதன்மையானது. தமிழ் மாணவர் பலருக்கு மொழி குடும்ப வரலாற்றோடு பின்னியது. இடப்பெயர்வு, போர், தோட்ட வாழ்வு, குடியுரிமை ஆகியன அவர்தம் கட்டுரைகளில் இயல்பாக இடம்பெறும். அவற்றை மாணவரின் இயற்பெயரோடு பொதுவெளியில் நிலையாக இருத்தும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. மாணவர் படிக்கும் நாட்டில் தீங்கற்ற ஒரு வரி, உறவினர் வாழும் நாட்டில் தீங்கற்றதாக இராது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இலும், சிங்கப்பூரின் சட்டம் 2012இலும் நிறைவேறின; ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறை 2018இல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை அறிவதோடு ஆசிரியரின் கடமை முடியாது. புனைபெயரில் எழுதவும், வகுப்பிற்குள் மட்டும் பகிரவும், பின்னாளில் நீக்கிக்கொள்ளவும் மாணவர்க்கு வழி இருக்க வேண்டும். அவ்வழியைத் தேர்ந்தவர் மதிப்பெண்ணில் குறைவுபடலாகாது. பொதுவெளியில் எழுதுவதைக் கட்டாயப் பணியாக்கும் பயிற்சிக் கையேடுகள் இவ்விடத்தில் கண்டிக்கத்தக்கன.

7. ஆசிரியர் பற்றிய ஒரு தப்பெண்ணம்

மார்க் பிரென்ஸ்கி 2001இல் இளையோரை 'எண்ணிமக் குடிகள்' எனவும் மூத்தோரை 'எண்ணிமக் குடியேறிகள்' எனவும் பிரித்தார். பயிற்சித் திட்டங்கள் இப்பிரிவை உண்மையெனக் கொண்டு, மூத்த ஆசிரியரைத் திருத்தப்பட வேண்டியவராகவே நோக்கின. டேவிட் ஒயிட், அலிசன் லெ கோர்னு ஆகியோர் 2011இல் இதனை மறுத்து, அகவை அன்று, நோக்கமே பயன்பாட்டை வேறுபடுத்துகிறது என வாதிட்டனர். ஒரே மனிதர் ஓரிடத்தில் வந்துபோகும் விருந்தினராகவும், வேறோரிடத்தில் வசிப்பவராகவும் இருக்கலாம்.

தமிழ் இணைய வரலாறு இவ்வாதத்திற்கு வலிமை சேர்க்கிறது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின்னணியில் நின்ற நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர்; எழுத்தாளர். கருவி கிடைக்கட்டும் எனக் காத்திராமல், தமிழ் வலையேறுவதற்கான கருவியை உருவாக்குவதில் ஈடுபட்டவர் அவர். மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். அயலகத் தமிழரின் இணைய வரலாறு கருவி செய்தோர் வரலாறே. அம்மரபில் வந்த ஆசிரியரைப் பிறர் செய்த கருவியை நுகரும் பயனாளராக மட்டும் காணும் பயிற்சி, அவரைத் தாழ்த்துகிறது.

8. பரிந்துரைக்கப்படும் வடிவம்

மூன்று மரபுகளின் நற்கூறுகளையும் தேர்ந்து இணைத்தால் தமிழ்த் துறைகளுக்குப் பொருந்தும் வடிவம் ஒன்று கிட்டும்.

முதலாவதாக, பயிற்சியின் அலகு ஒரு பாடமாக இருக்க வேண்டும். ஆசிரியர் தாம் அடுத்த பருவத்தில் கற்பிக்கவிருக்கும் பாடத்தின் ஒரு பகுதியோடு வருவார். அப்பகுதிக்குரிய பணி வடிவமைக்கப்பட்ட பிறகே கருவி தேரப்படும். ஒரு கருவி போதும்.

இரண்டாவதாக, மாணவர் ஒருவரேனும் வடிவமைப்புக் குழுவில் இடம்பெற வேண்டும். கருவிப் பழக்கத்தை மாணவரும் பாட அறிவை ஆசிரியரும் கொண்டுவருவர். மிஷிகன் முயற்சி காட்டிய வழி இது.

மூன்றாவதாக, பயிற்சி தமிழிலேயே நடைபெற வேண்டும். தளத்தின் அமைப்புகளைத் தமிழில் விளக்க இயலாத ஆசிரியர், வகுப்பில் கருவிக்கு ஆங்கிலமும் இலக்கியத்திற்குத் தமிழும் எனப் பிரித்தாள நேரும். தமிழால் புதியவற்றைப் பேச இயலாது என்ற எண்ணத்தை அப்பிரிவு மாணவர் மனத்தில் ஊன்றும்.

நான்காவதாக, ஓரிரு ஆசிரியரே கொண்ட துறைகள் நாடு கடந்து இணைய வேண்டும். கோலாலம்பூரில் நற்றிணை கற்பிப்பவரும் ஐரோப்பாவில் அதனையே கற்பிப்பவரும் ஒரே பணியை இரு வகுப்புகளில் நடத்தி, ஒருவர் வகுப்பை மற்றவர் மதிப்பிடலாம். பயிற்சி முடிந்ததற்குச் சான்றிதழைவிட இம்மதிப்பீடே தக்க அத்தாட்சி.

ஐந்தாவதாக, பல்கலைக்கழகம் இதற்கெனக் கற்பித்தல் நேரத்தைக் குறைத்து வழங்க வேண்டும். நேரம் ஒதுக்காத பயிற்சி, ஆசிரியரின் படிக்கும் நேரத்தையே தின்னும். படிப்பதை விட்ட தமிழாசிரியருக்கு எந்தக் கருவியும் உதவாது.

9. முடிவுரை

சால்மனின் மாதிரி ஆசிரியரை மாணவராக்கியது. ஆனால் பூட்டிய அறையை எண்ணி வகுக்கப்பட்டது. இருபத்து மூன்று செயல்கள் அச்சத்தைப் போக்கியது. ஆனால் அகலத்தை ஆழமெனக் கொள்ளச் செய்தது. மூன்று வட்டங்கள் பாடத்தை மீட்டன. ஆனால் வினாநிரலாகச் சுருங்கின. இம்மூன்றும் ஆங்கிலம் வழங்கும் நிறுவனங்களின் தேவையிலிருந்து எழுந்தவை. எழுத்து, வழக்கு, சிதறி வாழும் சமூகம் ஆகிய தமிழின் நிலைமைகளை அவற்றிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. அவற்றைக் கணக்கிற்கொள்ளும் பயிற்சியைத் தமிழ்த் துறைகளே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தக்க பயிற்சிக்கு அளவுகோல் ஒன்றே போதும். பயன்படுத்திய தளம் நாளை மூடப்பட்டாலும், மாணவர் எழுதிய பனுவல் கையில் இருக்க வேண்டும். அதனை எழுதக் கற்றுக்கொண்ட முறை அவர் நினைவில் இருக்க வேண்டும். அப்பாடத்தை வேறொரு கருவியில் மறுநாளே நடத்தும் ஆற்றல் ஆசிரியரிடம் இருக்க வேண்டும்.